எடின்பரோவில் பத்துக் காகிதச் சிற்பங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2011 மார்ச். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில், ராயல் மைல் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒரு நாள், யாரோ விட்டுவிட்டுப் போயிருந்த ஒரு பொருளைக் கண்டார்கள். கீழே ஒரு புத்தகம். அதன்மேல் முளைத்து நிற்கிற ஒரு சின்ன மரம். அடிமரம், கிளை, இலை எல்லாமே அச்சடித்த தாள். பக்கத்தில் தாளால் செய்த ஒரு முட்டை, அதன் உட்புறம் தங்க நிறம். முட்டைக்குள் துண்டு துண்டாக வெட்டிய சொற்கள். கூடவே ஒரு சீட்டு. வைத்தவர் பெயர் எங்கும் இல்லை.

அந்த ஆண்டு நவம்பர் முடிவதற்குள் இப்படி மொத்தம் பத்துச் சிற்பங்கள் அதே நகரத்தில் கிடைத்தன. நூலகம், அருங்காட்சியகம், திரையரங்கு, கதைசொல்லல் மையம், புத்தகத் திருவிழா என்று பல இடங்களில். எல்லாம் புத்தகத் தாளை வெட்டிச் செய்தவை. எல்லாம் பரிசு. எதிலும் கையெழுத்து இல்லை.

பத்திரிகைகள் 'யார் இவர்?' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டன. அந்தக் கேள்விக்கு நான் வரவே போவதில்லை. தாளை நுணுக்கமாக வெட்டத் தெரிந்தவர்கள் உலகில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் வேலைகள் தினமும் கைப்பேசியில் வந்து விழுகின்றன, பார்க்கிறோம், வியக்கிறோம், மறந்துவிடுகிறோம். இந்தப் பத்தும் மட்டும் இத்தனை வருடம் கழித்தும் ஏன் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன? நான் கண்டுகொண்ட வரையில் காரணம் இதுதான்: இவர் வெட்டுவதற்கு முன்னால் நன்றாக வாசித்திருக்கிறார். எந்தப் புத்தகம், அதிலிருந்து எந்த உருவம், அதை யாரிடம் கொண்டுபோய் வைப்பது என்ற மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை அவர் கத்தியை எடுத்ததாகத் தெரியவில்லை.

அந்த நேரம் எப்படி இருந்தது

2010இல் பிரிட்டனில் புதிய அரசு வந்ததும் பொதுச் செலவைப் பெரிய அளவில் குறைக்கத் தொடங்கியது. உள்ளாட்சிகள் எங்கே கை வைக்கலாம் என்று பார்த்தபோது நூலகங்கள் முதல் வரிசையில் நின்றன. கிளை நூலகங்களை மூடும் திட்டங்கள் ஊர் ஊராக அறிவிக்கப்பட்டன. 2011 பிப்ரவரி 5ஆம் தேதியை 'நூலகங்களைக் காப்போம்' நாளாக அறிவித்து வாசகர்கள் நூலகங்களில் திரண்டார்கள். அடுத்த மாதம்தான் அந்த மரம் வந்து சேர்ந்தது.

எடின்பரோவுக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவையும் சொல்லிவிட வேண்டும். 2004இல் யுனெஸ்கோ 'இலக்கிய நகரம்' என்ற பட்டத்தை உலகிலேயே முதலில் கொடுத்தது இந்த ஊருக்குத்தான். ஊரின் நடுவில் நிற்கிற உயரமான நினைவுச் சின்னமே வால்டர் ஸ்காட் என்கிற எழுத்தாளருக்கு எழுப்பியது. அப்படிப்பட்ட ஊரில் புத்தகத்தை வெட்டி ஒருவர் பரிசளிக்கிறார் என்றால், பெறுகிறவர்களுக்கு அது எந்தப் புத்தகம் என்று பார்க்கத் தெரியும். இந்த நிகழ்வு வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் மரம்

பத்தில் இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதில் உள்ளதெல்லாம் பின்னால் வந்தவற்றில் விரிந்தது.

கவிதை நூலகத்தின் ட்விட்டர் பெயர் 'பை லீவ்ஸ் வி லிவ்'. இலைகளால் வாழ்கிறோம் என்று பொருள். ஆங்கிலத்தில் மரத்தின் இலைக்கும் புத்தகத்தின் ஏட்டுக்கும் அதே சொல்தான் என்பதால் நூலகத்துக்கு அது பொருத்தமான வாசகம். சொன்னவர் பாட்ரிக் கெடஸ், ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர், நகரத் திட்ட அறிஞர். நமக்கும் அவர் அந்நியர் இல்லை. 1914-15இல் சென்னை மாகாணத்துக்கு வந்து இங்குள்ள பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியவர். அவர் நகரங்களைப் பற்றித் திரட்டியிருந்த கண்காட்சிப் பொருட்கள் வந்த கப்பலைத்தான் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் நடுக்கடலில் மூழ்கடித்தது. வரைபடமும் படமுமாக அத்தனை காகிதமும் கடலுக்குள் போனது. மனிதர் சோர்ந்துவிடவில்லை, திரும்பவும் திரட்டிக் கண்காட்சியை நடத்தினார். சரி, எடின்பரோவுக்கே திரும்புவோம்.

மரத்தோடு வந்த சீட்டு அந்த ட்விட்டர் பெயரை விளித்துத்தான் தொடங்கியது. உங்கள் பெயரில் ஆரம்பித்தது, மரமாகிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. நூலகம் என்பது புத்தகங்கள் நிறைந்த கட்டடம் மட்டுமில்லை, புத்தகம் என்பது சொற்கள் நிறைந்த பக்கங்கள் மட்டுமில்லை, இது நூலகங்களுக்கும் புத்தகங்களுக்கும் சொற்களுக்கும் எண்ணங்களுக்கும் ஆதரவாக என்று போனது அந்தச் சீட்டு. இலை, ஏடு, மரம் என்று சிந்தனை போன வழியைப் பாருங்கள். பெறுகிறவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை எடுத்து அவருக்கே ஓர் உருவமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது முட்டை. அதற்குள் இருந்த சொற்களைச் சரியாக அடுக்கினால் எட்வின் மோர்கன் எழுதிய ஒரு கவிதை வரும். தலைப்பைத் தமிழில் 'சிறகுகளின் சுவடு' என்று வைத்துக்கொள்ளலாம். பன்டிங் என்பது குருவி அளவுள்ள ஒரு பறவை இனம். கவிதை அதன் வகைகளை வரிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொல்லில் குணம், வாழிடம். பறவைக் கையேட்டின் பட்டியல் மாதிரிதான் இருக்கும். கடைசி வரியில் மட்டும் பேசில் பன்டிங் என்ற பெயர் வருகிறது. அவர் 1985இல் இறந்த ஆங்கிலக் கவிஞர். எல்லாரிலும் இனிமையாகப் பாடியவர், இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லிக் கவிதை நின்றுவிடுகிறது. பட்டியல் என்று நினைத்து வாசித்தது இரங்கற்பா என்று அந்த ஒரு வரியில் தெரியும்.

கவிதையை எழுதிய மோர்கன் யார்? 2004இல் ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞராக அறிவிக்கப்பட்டவர். 2010 ஆகஸ்டில், தொண்ணூறு வயதில் இறந்தார். மரம் வந்தது ஏழு மாதம் கழித்து. ஆக, ஒரு கவிஞர் இன்னொரு கவிஞருக்கு எழுதிய இரங்கற்பா, எழுதியவருக்கே இரங்கற்பாவாக, கவிதைக்கென்றே இருக்கிற ஒரு நூலகத்தின் மேசைக்கு வந்திருக்கிறது. அதுவும் முட்டைக்குள், பறவை பிறக்கிற இடத்தில். சொற்களை முட்டைக்குள்ளேயே விட்டுவிட்டால் வெறும் சொல் துண்டுகள்தான். எடுத்து அடுக்குகிற வேலையை வாசகர் செய்தால்தான் பறவைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இவ்வளவையும் விளக்காமல், சீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டிருக்கிறாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பெறுகிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்ற மரியாதை அது.

அடுத்து வந்தவை

ஜூன் மாதம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்கு ஒரு கிராமபோன் வந்தது. தாளால் செய்த ஊதுகுழல், பக்கத்தில் ஒரு சிறிய சவப்பெட்டி. வெட்டிய புத்தகம் இயன் ராங்கின் எழுதிய 'எக்சிட் மியூசிக்'. எடின்பரோவைக் களமாகக் கொண்ட அவருடைய துப்பறியும் நாவல் வரிசையில், காவல் அதிகாரி ரீபஸ் பணி ஓய்வு பெறுகிற கதை. நூலகங்கள் வெளியேறக் கூடாது என்று தலைப்பையே திருப்பிப் போட்டுச் சீட்டில் எழுதியிருந்தார். சவப்பெட்டிக்கு இன்னொரு அடுக்கும் உண்டு என்று நினைக்கிறேன். 1836இல் அந்த ஊரின் ஆர்தர் சீட் குன்றில் சிறுவர்கள் ஒரு பொந்துக்குள் பதினேழு குட்டிச் சவப்பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். எஞ்சிய எட்டு இன்றும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ராங்கினே அதை ஒரு நாவலில் எடுத்தாண்டிருக்கிறார். எடின்பரோவாசிக்குக் குட்டிச் சவப்பெட்டி என்றாலே அந்த நினைவு வராமல் இருக்காது.

ஃபில்ம்ஹவுஸ் திரையரங்குக்கு வந்தது ஒரு குட்டித் திரையரங்கு. இருக்கைகளில் பார்வையாளர்கள், திரையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து வருகிற குதிரை வீரர்கள். கதைசொல்லல் மையத்தின் ஜன்னலோரத்தில் ஒரு டிராகன் இருந்தது, ராங்கினின் 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்' நாவலில் செய்தது. அதன் சீட்டு ஒரு குழந்தைக் கதை போல எழுதப்பட்டது: ஒரு புத்தகம், புத்தகத்துக்குள் கூடு, கூட்டுக்குள் முட்டை, முட்டைக்குள் டிராகன், டிராகனுக்குள் கதை. கதை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு வேறு எப்படிச் சீட்டு எழுத முடியும்?

ஆகஸ்டில் புத்தகத் திருவிழாவுக்கு ஒரு தேநீர்க் கோப்பையும் கேக்கும் வந்தன. நல்ல புத்தகமும் ஒரு கோப்பை தேநீரும் இருந்தால் போதும் என்ற செய்தியோடு. பத்தில் எனக்கு மனம் ஒட்டாதது இது ஒன்றுதான். வேலை சுத்தம், பார்க்க அழகு, ஆனால் எந்த ஊரின் எந்தப் புத்தகக் கடையில் வைத்தாலும் பொருந்தும். மற்றவற்றை அப்படி இடம் மாற்ற முடியாது.

ஜார்ஜ் நான்காம் பாலத்தில் இருக்கிற மைய நூலகத்துக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வந்தது, மறுபடியும் மோர்கனின் வரிகளோடு. தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது டைரனோசாரஸ் என்ற டைனோசர். திறந்த புத்தகத்தின் பக்கங்களைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. புத்தகம் ஆர்தர் கோனன் டாயிலின் 'தி லாஸ்ட் வேர்ல்ட்'. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த அதே டாயில்தான். எடின்பரோவில் பிறந்து, அங்கேயே மருத்துவம் படித்தவர். தொல்லுயிர் எலும்புகளைக் காட்டுகிற கட்டடத்துக்கு, அந்த ஊர்க்காரர் 1912இல் எழுதிய தொல்லுயிர்க் கதை.

எழுத்தாளர் அருங்காட்சியகத்தில் நடந்ததுதான் இவற்றில் என்னை ரொம்பவும் கவர்ந்தது. பர்ன்ஸ், ஸ்காட், ஸ்டீவன்சன் மூவருக்கும் உரிய இடம் அது. அங்கே வைத்த சிற்பம் ஓர் இருண்ட தெருக்காட்சி. பார்த்தவுடன், ஒரே மனிதருக்குள் நல்லவரும் கெட்டவரும் மாறி மாறி வருகிற ஸ்டீவன்சனின் ஜெக்கில்-ஹைடு கதை நினைவுக்கு வரும். ஆனால் வெட்டியது ஸ்டீவன்சன் புத்தகத்தை இல்லை, ராங்கினின் 'ஹைட் அண்ட் சீக்' நாவலை. ராங்கின் தன் தொடக்க கால ரீபஸ் நாவல்களை ஜெக்கில்-ஹைடு கதையை மனதில் வைத்தே எழுதியவர். இந்தச் செல்வாக்கை ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருபது பக்கம் விளக்கலாம். இவர் புதிய புத்தகத்தின் தாளில் பழைய கதையின் தெருவை வெட்டிக் காட்டிவிட்டார்.

கத்தியும் தாளும்

கொஞ்சம் வேலைத்தளத்துக்குள் போகலாம். எனக்கும் தாள் வெட்டிப் பழக்கம் உண்டு என்பதால், இந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கை குறுகுறுக்கும்.

புதிதாக வாங்கிய வரைதாளில் சிற்பம் செய்வது ஒரு வேலை. அச்சடித்த நாவலின் தாளில் செய்வது வேறு வேலை. மலிவுப் பதிப்பு நாவல்களுக்குப் பெரும்பாலும் மரக்கூழை நேரடியாக அரைத்துச் செய்த தாள்தான். அதில் லிக்னின் என்ற பொருள் எடுபடாமல் தங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பின் பழுப்பாகி, கடைசியில் மடித்த இடத்தில் முறிகிறது. நார்களும் குட்டை. கூரான மடிப்பு போட்டால் விளிம்பில் பிசிறு தட்டும். கத்தி சற்று மழுங்கியிருந்தாலும் வெட்டாமல் இழுக்கும், இழுத்தால் கிழியும். அதனால் தாள் வெட்டுகிறவர்கள் அறுவை மருத்துவர் வைத்திருக்கிற ஸ்கால்பெல் மாதிரிக் கத்தியைப் பிடித்துக்கொண்டு, பிளேடை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பிளேடைச் சிக்கனம் பார்த்தால் தாளில் தெரிந்துவிடும்.

தாளுக்கு நார்ப்போக்கு உண்டு. இயந்திரத்தில் தாள் ஓடும் திசையில் நார்கள் படிவதால், ஒரு பக்கமாகச் சுலபமாக வளையும், இன்னொரு பக்கமாக முரண்டு பிடிக்கும். புத்தகத்தில் பொதுவாக நார்ப்போக்கு முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓடும். அப்போதுதான் பக்கம் ஒழுங்காகப் புரளும். சிற்பம் செய்கிறவர் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். கிளையை நார்ப்போக்கின் வழியே வெட்டினால் விறைத்து நிற்கும். குறுக்கே வெட்டினால் ஒரு வாரத்தில் தலை சாயும். கிராமபோன் குழலைச் சுருட்டுவதற்கும் திசை இருக்கிறது, தப்பான திசையில் சுருட்டினால் வளைவுக்குப் பதில் வரி வரியாக மடிப்பு விழும்.

இறகு, செதில், இலை மாதிரியான சிறிய துண்டுகளில் வேலையின் வரிசை முக்கியம். உள்ளே இருக்கிற நுணுக்கமான வெட்டுக்களை முதலில் முடித்துவிட்டு, வெளி விளிம்பைக் கடைசியாக வெட்ட வேண்டும். முதலிலேயே வெளி விளிம்பை வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளத் தாள் இருக்காது. வளைவில் கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்புவார்கள். பிறகு கத்தியின் முதுகால் மெல்ல வருடிவிட்டால் துண்டு தானாகச் சுருண்டு உயிர் பெறும். பசை ஊசிமுனை அளவு. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. கொஞ்சம் கூடினாலும் நார் உப்பி, தாள் நெளிந்துவிடும், அச்சு மையும் மங்கலாம். ஒரு முழு டிராகனுக்கு இப்படி எத்தனை செதில் என்று எண்ண ஆரம்பித்தால் மலைப்பு வரும்.

இத்தனை சிரமத்துக்கும் அச்சுத்தாள் ஒன்றைத் திருப்பித் தருகிறது. எழுத்துக்களே அதில் நிறமும் நிழலும் ஆகின்றன. வரிகள் நெருக்கமாக உள்ள பகுதி தூரத்திலிருந்து சாம்பல் நிறம். பக்கத்தின் ஓரத்து வெற்றிடம் வெளிச்சம். அடிமரத்தில் வரிகளைச் செங்குத்தாக ஓட விட்டால் பட்டையின் வரிவரியான தோற்றம் வந்துவிடும், வண்ணம் எதுவும் வேண்டாம். நெருங்கினால் அந்தச் சாம்பல் கலைந்து சொற்களாகிவிடுகிறது. உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் நம்மையறியாமல் வாசிக்கத் தொடங்கும். சிற்பத்தைப் பார்க்க வந்தவரை வாசகராக மாற்றுகிற இந்தக் கணத்தை வெற்றுத் தாளால் தரவே முடியாது.

புத்தகத்தை வெட்டலாமா?

புத்தகம் காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். புத்தகத்தில் கத்தி வைக்கிறார் என்றதும் மனம் சுருங்குவது இயல்பு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. பழைய கையெழுத்துப் பிரதியையோ, உலகில் சில படிகளே மிஞ்சிய பதிப்பையோ ஒருவர் அழகுக்காக வெட்டினால் நானே எதிர்ப்பேன். இன்று அலங்காரக் கடைகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கெட்டி அட்டைப் புத்தகங்களை மொத்தமாக வாங்கி மடித்து விற்கிற வேலையும் நடக்கிறது. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எடின்பரோவில் வெட்டியவை பெரும்பாலும் இன்றும் அச்சில் இருக்கிற நாவல்கள். ஒரு படி குறைந்தால் படைப்பு குறையாது. மாறாக, டிராகனைப் பார்த்துவிட்டு அது எந்தப் புத்தகத்தில் செய்தது என்று கேட்டு, அந்த நாவலைத் தேடிப் போகிற வழியைத் திறந்துவிடுகிறது. புத்தகத்தின் உள்ளடக்கத்தை மதித்து வெட்டினாரா, இல்லை வெறும் தாளாக நினைத்து வெட்டினாரா? நான் வைக்கிற அளவுகோல் அதுதான். இங்கே பதிலில் சந்தேகம் இல்லை.

பெயர் இல்லாத கை

சீட்டுகள் ட்விட்டர் பெயர்களை விளித்து எழுதப்பட்டதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கையால் செய்த பொருள், சேர வேண்டிய முகவரியோ இணையத்தில். பெற்ற நிறுவனங்கள் உடனே படம் எடுத்து அதே ட்விட்டரில் போட்டன. ஊர் பேசத் தொடங்கியது. இவர் யாருக்கும் செய்தி அனுப்பவில்லை, பேட்டி கொடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சிற்பமும் தன் பார்வையாளர்களைத் தானே தேடிக்கொண்டது.

ராங்கினின் புத்தகங்கள் அடிக்கடி வந்ததால் பலரும் அவரையே கேட்டார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்றார் அவர். பின்னர் அவருக்கும் தனியாக ஒரு சிற்பம் போய்ச் சேர்ந்தது.

பெயர் தெரியாததால் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெயர் இருந்திருந்தால் முதல் கேள்வி, இவர் வேறு என்ன செய்திருக்கிறார், எங்கே படித்தார், விலை என்ன என்று போயிருக்கும். பெயர் இல்லாததால் பார்க்கிறவர்கள் துப்புக்காகச் சிற்பத்தையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், ஏன் இந்த வரி வெளியே தெரிகிறது என்று. கலைப்பொருளை இவ்வளவு கவனமாகப் பொதுமக்கள் பார்ப்பது அடிக்கடி நடப்பதில்லை. விற்பனையும் சாத்தியமில்லை, பாராட்டு விழாவும் சாத்தியமில்லை. கொடுத்தது கொடுத்ததாகவே நின்றது. வைத்தவரைப் பிடித்தே தீருவது என்று பெற்றவர்கள் கிளம்பாததையும் நான் மரியாதையோடு குறித்துக்கொள்கிறேன். அவர்கள் ஒத்துழைக்காமல் இந்த மறைவு நிலைத்திருக்காது.

பத்தாவது

நவம்பரில் கடைசிச் சிற்பம் வந்தது, முதல் மரம் வந்த அதே கவிதை நூலகத்துக்கு. ஒரு தொப்பி, ஒரு ஜோடிக் கையுறை. தொப்பி முழுக்கச் சின்னஞ்சிறு தாள் இறகுகள். கையுறைகளில் தேனீயின் உடல் ரோமம் போல மெல்லிய தாள் இழைகள்.

இதற்கு அடிப்படை நார்மன் மக்கெய்க் எழுதிய ஒரு குட்டிக் கவிதை. மக்கெய்க் எடின்பரோவில் பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, 1996இல் மறைந்த கவிஞர். கவிதையில் ஒருவர் தன் காதலியிடம் பேசுகிறார். பழைய ஐரிஷ் கவிஞனைப் படித்துவிட்டு, நான் உனக்கு அதுபோல முடியாத பரிசுகளைத் தருவதில்லை என்று குறைப்படுகிறாய் என்கிறார். தேனீ ரோமத்தில் கையுறை, ரென் குருவியின் சிறகில் தொப்பி, இப்படிப்பட்ட பரிசுகள். அவற்றுக்குப் பதிலாக அதைவிடக் கடினமான ஒன்றைத் தருகிறேன் என்கிறார்: நல்லதும் கெட்டதுமாக இருக்கிற என்னையே.

கவிதை முடியாது என்று சொன்ன பொருட்களைத்தான் இவர் செய்துகொண்டுவந்து வைத்தார். தேனீயின் ரோமத்தில் யாராலும் கையுறை நெய்ய முடியாது. குருவியைக் கொல்லாமல் சிறகுத் தொப்பி கிடைக்காது. தாளில் செய்யலாம். இரண்டு கைகளுக்கு அளவான கையுறை, தலைக்கு அளவான தொப்பி, போட்டுக்கொண்டால் கிழிந்துவிடும் என்பதால் யாரும் போட்டுக்கொள்ள முடியாது. கொடுக்க முடிகிறது, பயன்படுத்த முடியாது. பழைய ஐரிஷ் கவிதையின் பரிசும் அப்படித்தானே, சொல்லாக மட்டும் இருந்து காதலியிடம் போய்ச் சேர்ந்தது. தாள் சிற்பம் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் கையுறைகளைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று. தன்னையே தருகிறேன் என்பது கவிதையின் முடிவு. தான் யார் என்று கடைசிவரை சொல்லாத ஒருவர் இந்தக் கவிதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தச் சீட்டில்தான் முதல்முறையாக 'அவள்' என்று தன்னைக் குறிப்பிட்டார். ஒரு கதையை எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும், நல்ல கதை பல நேரம் தொடங்கிய இடத்திலேயே முடியும், அதனால்தான் கவிதை நூலகத்துக்கே திரும்பி வந்திருக்கிறாள் என்று படர்க்கையில் எழுதியிருந்தார். பெண் என்பது தவிர எதையும் சொல்லவில்லை. அதற்குமேல் தோண்டுவது அவருடைய பரிசுக்கு நாம் செய்கிற மரியாதைக் குறைவு என்றே நினைக்கிறேன்.

அப்புறம் என்ன ஆயிற்று

2012இல் பத்துச் சிற்பங்களும் ஸ்காட்லாந்தின் பல ஊர்களுக்குக் கண்காட்சியாகச் சென்றன. அதே ஆண்டு இறுதியில் நடந்த ஸ்காட்லாந்துப் புத்தக வாரத்துக்காக, வாசிப்பை வளர்க்கும் ஸ்காட்டிஷ் புக் டிரஸ்ட் என்ற அமைப்பு கேட்டுக்கொண்டதற்கு இணங்கி அவர் இன்னும் ஐந்து செய்துகொடுத்தார், பெயரை மறைத்தபடியே. இவை நாடு முழுவதும் ஒளித்து வைக்கப்பட்டன. துப்புகளை வைத்து வாசகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

கேட்டு வாங்கியதால் பரிசின் குணம் கெட்டுப்போகுமோ என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. இடத் தேர்வைப் பார்த்தபோது அது போய்விட்டது. உதாரணத்துக்கு ஒன்று. 1941இல் ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள எரிஸ்கே தீவுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். பாலிட்டீஷியன் என்ற சரக்குக் கப்பல் தரைதட்டியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான விஸ்கி பாட்டில்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் இருந்த தீவு மக்கள் இரவோடு இரவாகப் படகில் போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இதை வைத்து காம்ப்டன் மெக்கன்சி 'விஸ்கி கலோர்' என்ற நாவலை எழுதினார். அந்த நாவலின் தாளில் செய்த சிற்பம் எங்கே கிடைத்தது தெரியுமா? எரிஸ்கேயில், அந்தக் கப்பலின் பெயரையே தாங்கி நிற்கிற மதுக்கூடத்தில். பீட்டர் பான் சிற்பம், அந்தக் கதையை எழுதிய ஜே.எம். பேரி பிறந்த கிரிமூர் ஊர் வீட்டுக்குப் போனது. புத்தகமும் இடமும் பெறுபவரும் ஒன்றாகச் சேர வேண்டும் என்ற விதியை அவர் தளர்த்தவே இல்லை.

பரிசு பெற்ற இடங்களின் கதை அவ்வளவு நிம்மதியானதாக இல்லை. ஃபில்ம்ஹவுஸ் திரையரங்கு 2022 அக்டோபரில், அதை நடத்திய அறக்கட்டளை நிதி நெருக்கடியில் விழுந்ததால் மூடப்பட்டது. மக்கள் பணம் திரட்டிப் போராடி, 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். குட்டித் திரையரங்கோடு வந்த சீட்டில் ஆதரவாக என்று எழுதியிருந்ததற்கு என்ன அர்த்தம் என்பது அந்த மூன்று வருடத்தில் ஊருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

சிற்பங்களைக் காப்பாற்றுவது இப்போது பெற்றவர்களின் பொறுப்பு. அச்சுத்தாளுக்கு வெளிச்சம்தான் முதல் எதிரி. தாள் பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் வெளிச்சத்தை ஐம்பது லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குள் வைத்துக்கொள்வதும், மாதக்கணக்கில் இருட்டில் ஓய்வு கொடுப்பதும் வழக்கம். ஈரப்பதம் ஏறி இறங்கினால் நார்கள் விரிந்து சுருங்கி, பசை விட்டுப்போகும். தூசி படிந்தால் துடைக்க முடியாது. இறகு இறகாக மென்தூரிகையால்தான் தட்ட வேண்டும். மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுச் செல்லப்பட்ட ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. லிக்னின் நிறைந்த தாள் யாருக்காகவும் காத்திருக்காது. பெட்டிக்குள் வைத்தால்தான், மார்ச் 2011இல் பிறந்தே இராத பிள்ளைகள் அந்த மரத்தின் அடிமரத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், வரிகளை வாசிக்க முயன்று பார்க்க முடியும்.